மஞ்சள் விளக்கறைக் கூட்டாளிகள்

கண்ணு டாக்டர் என்றால் அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர்கள் கிடையாது. கண்ணுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது வேறு விஷயம். அவள் படித்ததும், தலை நரைக்கும்வரை மல்லுக்கட்டியதும் கணையத்தோடும் கல்லீரலோடும், அங்கிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகிற பித்தநாளத்தோடும்தான். ஆனால் யாரைக் கண்டாலும் வாயால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அவள் கட்டைவிரல் விசாரித்துவிடும். எதிரே நிற்பவரின் கீழிமையை மெல்ல இழுத்து, வெள்ளை விழியில் மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். கல்லீரல் கெட்டாலும் பித்தநாளம் அடைத்துக்கொண்டாலும் முதலில் காட்டிக்கொடுப்பது கண்தான். லிப்ட் ஓட்டுகிறவர், கேன்டீன்காரர், வாசல் காவலாளி என்று அவள் கையில் அகப்படாத கண்ணே அங்கே இல்லை. ஒருமுறை கண் உறுத்தலென்று வந்த ஒரு மனிதர் பெயரைக் கேட்டு ஏமாந்து அவள் அறை வாசலில் காத்திருந்தார். அவளும் இமையை இழுத்துப் பார்த்து, "மஞ்சளே இல்ல, சந்தோஷமா போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தாள். அவர் கண் உறுத்தலோடேயே சந்தோஷமாகப் போனார்.

மகள் தான் கட்டிக்கொள்ளப்போகிற பையனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோதும் இதே கூத்துதான். அவன் பாவம், மரியாதையாக வணக்கம் சொன்னான். இவள் அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி இமையை இழுத்துவிட்டாள். மகளுக்கு மானம் போயிற்று. நல்ல பகல் வெளிச்சம் இருந்தது, வீணாக்க மனசு வரவில்லை என்று இவள் சொன்ன சமாதானம் அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், சாதுவான மனுஷர். "எங்க வீட்டம்மாவுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டு, அவளுக்குப் பிடித்த மாதிரி காப்பியில் சர்க்கரை குறைத்துக் கலந்து கொண்டுவந்து தருகிறவரும் அவர்தான்.

அவள் வேலை பார்த்த அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. அங்கே வெயில் நுழையக் கூடாது. நோயாளிகளின் பித்தநாளத்திலிருந்து எடுத்த பித்தம் சிறு சிறு குழாய்களில் அங்கே வரும். பித்தத்துக்கு வெளிச்சம் ஆகாது. சாதாரண விளக்கில் கொஞ்ச நேரம் இருந்தாலே நிறம் மாறிக் கெட்டுப்போகும். அதனால் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, மங்கலான மஞ்சள் விளக்குகள் மட்டும் போட்டிருந்தார்கள். உள்ளே போனால் சுவர், மேஜை, போட்டிருக்கும் வெள்ளை அங்கி, முகம், கை எல்லாமே ஒரே மஞ்சள்தான். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும். அவளுக்கோ அது பிறந்த வீடு மாதிரி.

அந்த அறையில் அவளுக்கு ஒரு கூட்டாளி உண்டு. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயசு, வா போ என்று பேசிக்கொள்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் அவனுக்கு முசுடு என்று பெயர். அந்தப் பெயரை அவன் உழைத்துச் சம்பாதித்திருந்தான். கதவைச் சத்தமாகச் சாத்தினால் கோபம், சாத்தாமல் போனால் அதைவிடக் கோபம். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, எந்தப் பெண் தப்பித்தாளோ என்று நர்சுகள் பேசிக்கொள்வார்கள். ஆனால் கண்ணு டாக்டரின் மகளுக்குச் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது இந்த முசுடு மாமாதான். தெரு முழுக்கப் பின்னாலேயே ஓடி, அவள் விழுந்ததற்குத் தெருவைத் திட்டினான்.

அவனுக்கு அவளிடம் ஆகவே ஆகாத ஒன்று உண்டு என்றால் அது அவள் பேனாதான். யோசிக்கும்போது பேனாவின் தலையைக் கட்டைவிரலால் டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பாள். அமுக்குவது அவளுக்கே தெரியாது. "மண்டையில ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு, நிறுத்து" என்பான். நிறுத்துவாள். அவன் அந்தப் பக்கம் திரும்பினதும் டக் டக்கென்று மறுபடி ஆரம்பித்துவிடும். இந்த ஒரு சண்டை மட்டும் அத்தனை வருஷமாகத் தீரவில்லை.

அவர்கள் இருவரும் உயிரைக் கொடுத்துப் பார்த்த வேலை இதுதான். பித்தநாளம் ஓரிடத்தில் சுருங்கி, பக்கத்தில் கணையமும் தடித்திருந்தால் பெரும்பாலும் அது புற்று. சீக்கிரம் வெட்டி எடுத்தால்தான் ஆள் பிழைப்பார். அதுவோ பெரிய அறுவை. கணையத்தின் தலைப்பகுதி, பித்தநாளம், குடலில் ஒரு பகுதி என்று சேர்த்து எடுக்க வேண்டும். ஆனால் சிலருக்கு அது புற்றே அல்ல, உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்வதால் வரும் வெறும் வீக்கம். மாத்திரையில் வற்றிவிடும். ஸ்கேனில் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். அப்படி வெட்டி எடுத்தபிறகு புற்றே இல்லை என்று தெரிந்த ஒருவரை அவள் இளவயதில் பார்த்தாள். மெலிந்து குச்சியாகிப் படுத்திருந்த அந்த மனிதர், புற்று இல்லையாமே, நல்லதுதானே என்று அவளிடமே கேட்டார். அன்றைக்குப் பிடித்த பிடிதான். பித்தத்தில் கலந்திருக்கும் சத்துகளைப் பிரித்து, கண்ணாடிபோன்ற மெல்லிய தகட்டில் கோடு கோடாக விழவைத்து, எந்தக் கோடு அழுத்தம், எந்தக் கோடு வெளிறல் என்று பார்த்து இது புற்று, இது வீக்கம் என்று சொல்லப் பழகினார்கள். சோதனை இன்னும் பரீட்சார்த்த நிலையில்தான் இருந்தது. அதை மட்டும் நம்பி எந்த சர்ஜனும் கத்தியை எடுக்கவும் மாட்டார், வைக்கவும் மாட்டார்.

கோடுகளைக் கண்ணால்தான் படிக்க வேண்டும் என்பதால் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அது அவள் கணவர் அச்சகத்திலிருந்து வந்தது. ஒரே ஆள் இரண்டு தடவை படித்தால் அதே பிழையை இரண்டு தடவையும் தாண்டிப் போவான் என்று அவர் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொல்ல, அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தகட்டையும் அவள் தனியாகப் படிப்பாள், அவன் தனியாகப் படிப்பான். யாருடையது என்று படிக்கிறவருக்குத் தெரியக் கூடாது. மேஜையில் மூன்று தட்டுகள்: வீக்கத்துக்கு ஒன்று, புற்றுக்கு ஒன்று, கெட்டுப்போனவற்றுக்கு ஒன்று. இருவரும் ஒரே தட்டில் வைத்தால்தான் கணக்கில் சேரும்.

அந்த வருஷம் முசுடு சதா சொறிந்துகொண்டே இருந்தான். கை, முழங்கை, கால் என்று எந்நேரமும் அரிப்பு. புது சோப்பு சேரவில்லை என்றான். அவளும், பழைய சோப்புக்கே போ என்றாள். போனான். அரிப்பு நிற்கவில்லை. வறண்ட தோலாக இருக்கும் என்று ஒரு களிம்பு வாங்கிக்கொடுத்தாள். பித்தம் அடைத்துக்கொண்டால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று மற்ற டாக்டர்களுக்குப் பாடம் எடுத்தவள் களிம்பு வாங்கிக்கொடுத்தாள், கேளுங்கள். காலையில் அவள் வருவதற்கு முன் அவன் உள்ளே இருப்பான், அவள் போனபிறகுதான் கிளம்புவான். அவன் முகத்தை அவள் பார்த்ததெல்லாம் அந்த மஞ்சள் விளக்கில்தான். அதில் யார் கண்ணும் மஞ்சளாகத் தெரியாது, எல்லாமே மஞ்சளாக இருக்கிறபோது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் தீ விபத்து ஒத்திகை வைத்தார்கள். உச்சி வெயிலில் மணியடித்து எல்லோரையும் முற்றத்துக்கு விரட்டினார்கள். முசுடு வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தான். நிஜமாகவே தீப்பிடித்தால்கூட இவர்கள் வரிசையில்தான் நிற்கச் சொல்வார்கள் என்று அவள் பக்கம் திரும்பினான். அவளும் பதில் சொல்லத்தான் நிமிர்ந்தாள்.

இமையை இழுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நட்ட நடு வெயிலில் அவன் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

"வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லையே. எங்க?"

வலி இல்லை என்ற பதில்தான் அவள் கேட்க விரும்பாதது. வலியோடு வரும் காமாலைக்குப் பித்தப்பையில் கல் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். வலியில்லாமல் வருவதுதான் அவர்கள் இருவரும் பயப்படுகிற ரகம். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கையைச் சொறிவதை நிறுத்தினான்.

ஸ்கேனில் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி சுருங்கியிருந்தது, கணையத்தின் தலை தடித்திருந்தது. ஊசியில் எடுத்த துணுக்கில் இப்படியும் சொல்ல முடியவில்லை, அப்படியும் சொல்ல முடியவில்லை. தலைமை சர்ஜன் அளந்து பேசுகிற அம்மா. புற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம், தள்ளிப்போட்டால் பிறகு வெட்டவும் முடியாமல் போகலாம் என்று சொல்லி அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். முதலில் வாய்வழியாகக் குழலை இறக்கி, அடைப்பில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைச் செருகிப் பித்தத்தை வழியவிட்டார்கள். அப்போது எடுத்த பித்தம் ஒரு குழாயில் மஞ்சள் விளக்கறைக்கு வந்து சேர்ந்தது.

அவள் அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இத்தனை காலம் பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணை விட்டுவிட்டு ஊரில் உள்ள கண்ணையெல்லாம் இழுத்துப் பார்த்தேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் வேலை கெடும் என்று அடக்கிக்கொண்டாள். கோடுகளை விழவைத்தாள். படித்தாள். வீக்கம் என்றுதான் பட்டது. மறுபடி படித்தாள். அப்போதும் வீக்கம்தான். ஆனால் அது அவனுடையது என்று தெரிந்த கண் அது. அந்தக் கண்ணை அவளாலேயே நம்ப முடியவில்லை. சர்ஜனிடம் போய்க் கேட்டாள். இரண்டு பேரும் தனித்தனியாகப் படித்து இரண்டும் வீக்கம் என்று வந்தால் அறுவையைக் கொஞ்சம் தள்ளிவைத்து மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதே பெரிசு.

கோடு படிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் வார்டில் படுத்துக்கொண்டு தலையணை சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னோடதைப் பழசுங்களோட கலந்து வை" என்றான் அவள் விஷயத்தைச் சொன்னதும். "எதுன்னு தெரியாம நான் படிக்கிறேன். தெரியாம படிச்சா யாரு படிச்சா என்ன?"

மறுநாள் மத்தியானம் நர்சு கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அறைக்கு வந்து சேர்ந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. தன் நாற்காலியில் உட்கார்ந்து, இதை யார் நகர்த்தியது என்று வழக்கம்போல ஒரு பாட்டம் திட்டினான். அவள் பழைய நோயாளிகளின் தகடுகளோடு அவனுடையதையும் கலந்து, எண் மட்டும் போட்டு முன்னால் வைத்தாள். ஒன்றோடொன்று வித்தியாசம் தெரியாது. அவள் அவனுக்குப் பின்னால், முகம் தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். புற்றுத் தட்டில் ஒன்று, வீக்கத் தட்டில் ஒன்று, மறுபடி புற்றில் ஒன்று. அவள் ஏற்கெனவே வைத்த இடங்களில்தான் எல்லாம் போய் விழுந்தன. கை என்னமோ தடுமாறவே இல்லை.

பிறகு ஒன்றை எடுத்தான். பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கொண்டுபோய்க் கெட்டுப்போனவற்றின் தட்டில் வைத்தான்.

"அது கெட்டுப்போகலையே" என்றாள் அவள்.

"போச்சு. நீதான் கெடுத்தே" என்றான் திரும்பாமலே. "வந்ததுலேர்ந்து டக் டக்னு அடிச்சுக்கிட்டே இருந்தே. இதை எடுத்தேன், சத்தம் நின்னுபோச்சு."

அவள் கையில் பேனா இருந்தது. கட்டைவிரல் அதன் தலைமேல் அப்படியே உறைந்திருந்தது.

அவள் எழுந்து வந்து எதிரே நின்றாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். என்ன தெரிந்தது என்று மட்டும் சொல், அந்தத் தட்டில் வை, யாருக்கும் தெரியப்போவதில்லை, உன்னைச் சும்மா வெட்டிப்போட விடமாட்டேன் என்றெல்லாம் சொன்னாள். அப்படி ஒரு வார்த்தை தன் வாயில் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கோபப்படவே இல்லை.

"வீக்கம்னுதான் பட்டுச்சு" என்றான். "ஆனா நான் பயந்து கிடக்கேன்டி. பயந்தவன் கண்ணுக்கு அப்படித்தான் படும். இதை ஒத்துக்கிட்டா நாம இத்தனை வருஷம் படிச்ச எதையும் நம்ப முடியாது. சர்ஜனம்மாகிட்டப் போய் உள்ளதைச் சொல்லு."

அத்தனை வருஷத்தில் அவன் அவளை டி போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவள் சர்ஜனிடம் போனாள். நடைவழி முழுக்க, இருவருக்கும் ஒத்துப்போனது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டே வந்தது. வாசலுக்கு வந்தும் அடித்தது. உள்ளே போய் உள்ளதைச் சொன்னாள். நான் படித்துச் சொன்னது மட்டும்தான் இருக்கிறது. அதுவும் அவனுடையது என்று தெரிந்தே படித்தது. அவன் படித்ததை நானே கெடுத்துவிட்டேன். அவன் எனக்கு வேண்டியவன், என் கண்ணை நீங்கள் முழுசாக நம்பக் கூடாது. பேனா விஷயத்தையும் விடாமல் சொன்னாள்.

"ஒத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா நான் விசாரிச்சிருக்கவே மாட்டேன் மேடம்" என்றார் சர்ஜன் அம்மா.

"தெரியும்."

அவர் ஸ்கேன் படங்களை மறுபடி எடுத்து விளக்குப் பலகையில் மாட்டினார். பார்த்துக்கொண்டே நின்றார். "நீங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் சொன்ன மத்ததெல்லாம் இப்படி உள்ளது உள்ளபடிதான் சொல்லியிருப்பீங்க, இல்லையா? அப்போ அதை நம்பிக் கொஞ்ச நாள் பாக்கலாம். மாத்திரை ஆரம்பிக்கிறேன். அடுத்த ஸ்கேன்ல துளி குறையலைன்னாலும் வெட்டிருவேன். அப்போ நீங்க குறுக்க வரக் கூடாது."

அவள் தலையாட்டினாள். வெளியே வந்தாள். வெட்டாமல் காத்திருப்பது தன்னால்தான், அது புற்றாக இருந்துவிட்டால் அவனைக் கொன்றதும் தான்தான் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

காத்திருந்த நாட்களில் அவள் பாதியாகிப்போனாள். முசுடின் கண் சீக்கிரமே வெளுத்தது. நர்சுகள் வந்து கண்ணு டாக்டருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அது மாத்திரையால் அல்ல, உள்ளே வைத்த குழாயால் வெளுத்த கண் என்று அவளுக்குத் தெரியும். அடைப்புக்குக் காரணம் புற்றாக இருந்தாலும் குழாய் வைத்தால் கண் வெளுக்கத்தான் செய்யும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெள்ளைக் கண்ணைப் பார்த்து அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், அச்சுக்குப் போகிறவரைக்கும் பிழை பிழை இல்லை, திருத்திக்கொள்ளலாம் என்றார். அவள் அவர் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

அடுத்த ஸ்கேனில் கணையம் வற்றியிருந்தது. துளி அல்ல, நன்றாகவே வற்றியிருந்தது. சர்ஜன் அம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். தோளைத் தட்டிக்கொடுத்தார். பின்னொரு நாள் உள்ளே வைத்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் அவள் விடவில்லை. சில வாரம் கழித்து உச்சி வெயிலில் அவனை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டுபோய், தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு இமையையும் இழுத்துப் பார்த்தாள். குழாயின் தயவில்லாத, சொந்தக் கண். வெள்ளை வெளேரென்று இருந்தது. வெயில் கண்ணைக் குத்துகிறது, விடு என்று அவன் கத்தினான். அவள் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணைத்தான் தண்ணீர் வந்து மறைத்தது.

அவனுடைய தகடு இன்றைக்கும் கெட்டுப்போனவற்றோடுதான் இருக்கிறது. சரியாகத்தானே சொன்னீர்கள், கணக்கில் சேர்த்தால் என்ன என்று மகள்கூடக் கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள்.

அவன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அந்த அறையில் அப்படியொரு அமைதி. அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு தகட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான், கீழே வைத்தான். மறுபடி எடுத்தான், வைத்தான். நாற்காலியை முன்னே இழுத்தான், பின்னே தள்ளினான்.

"உன் பேனா எங்க?" என்றான் கடைசியில்.

"வீட்டுல போட்டுட்டேன். இனிமே அந்தச் சனியன் வேணாம்."

அவன் மேஜை டிராயரைத் திறந்து தன் பேனாவை எடுத்தான். அதுவும் தலையை அமுக்குகிற ரகம்தான். எழுந்து வந்து அவள் கையில் வைத்தான்.

"அடிச்சுக்கிட்டே இரு" என்றான். "சத்தம் நின்னா எனக்குப் பயமா இருக்கு."

அவள் பேனாவின் தலையைக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். அவன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து அடுத்த தகட்டைப் படிக்க ஆரம்பித்தான்.